எதிர்க்காற்றைப் பங்கு போட்ட ஊர்

எங்கள் கொம்புமட்டத்தில் காற்றுக்கென்று தனியாக ஒரு திசை கிடையாது; பேக்கரி அருளப்பனின் மனைவி ஞானப்பூ எந்தப் பக்கம் ஓடுகிறாளோ அந்தப் பக்கத்திலிருந்து, அவள் முகத்துக்கு நேராகத்தான் அது வீசும். அவள் கிழக்கே ஓடினால் கிழக்கிலிருந்து வரும், சலித்துப்போய் அவள் திரும்பி மேற்கே ஓடினால் அதுவும் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து மேற்கில் நின்றுகொள்ளும், அவள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினால் அதுவும் கற்பூர மரங்களுக்குள் போய் உட்கார்ந்து மூச்சு வாங்கும். அவள் முதன்முதலாகக் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கிய வருடத்திலிருந்து இப்படித்தான் என்று நாங்கள் சொல்வோம். அதற்கு முன்பே, அவள் கோபித்துக்கொண்டு வேகமாக நடந்த நாட்களிலேயே லேசாக இருந்தது என்று அருளப்பன் சொல்வார். ஏன் என்று யாரும் ஆராயவில்லை. மலையில் இருப்பவர்களுக்கு மழை ஏன், அட்டை ஏன், பஸ் ஏன் வரவில்லை என்று ஆராய்ந்துகொண்டிருக்க நேரம் கிடையாது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது மற்ற ஊர்களில் பழமொழி, எங்களுக்கு அது அன்றாட வேலை. மழைக்காலத்தில் துணி காயாத வீட்டுக்காரிகள் வாசலில் நின்று, பூவக்கா, இன்றைக்கு எங்கள் லைன் வீடுகள் பக்கமாக ஒரு ரவுண்டு வந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். தேயிலை ஃபேக்டரியில் பறித்த இலையை வாட்டப் பரப்பிவைத்த மாடி ஜன்னல்களை அவள் வரும் நேரம் பார்த்துத் திறப்பார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் மட்டும் பந்தலைக் காப்பாற்றிக்கொள்ள, அன்று ஒருநாள் ஓய்வெடுக்கச் சொல்லி வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்பார்கள். ஒருமுறை அமைச்சர் வந்தபோது ஒரு கட்சிக்காரர்கள் தங்கள் கொடி பறக்க அவளைக் கடைவீதியில் ஓடச் சொல்ல, இன்னொரு கட்சிக்காரர்கள் அதே நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் ஓடச் சொல்ல, அவள் இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டுச் சுடுகாட்டுப் பக்கம் ஓடிப்போனாள். அன்றைக்கு எரிந்துகொண்டிருந்தவருக்குத்தான் அமைச்சர் மரியாதை கிடைத்தது.

ஆனால் எல்லோரையும்விட அவள் காற்றை நம்பியிருந்தவர் பெள்ளி. ஊரிலிருந்து கிழக்கே போகும் ரோட்டில் வலது புறம் இறங்கும் பள்ளத்தில் அவருக்கு ஒரு துண்டுத் தேயிலை உண்டு. மார்கழியிலும் தையிலும் காற்று அசையாத விடியலில்தான் உறைபனி பள்ளத்தில் இறங்கி உட்காரும். உட்கார்ந்த பனியில் வெயில் பட்டதும் கொழுந்தெல்லாம் தீப்பட்ட மாதிரி கருகிவிடும். காற்று கொஞ்சம் அலைந்துகொண்டே இருந்தால் பனிக்கு உட்கார மனம் வராது. அதனால் குளிர்கால விடியல்களில் ஞானப்பூ முதலில் பெள்ளியின் பள்ளத்தைச் சுற்றி ஓடுவாள். ஓட வேண்டும் என்றுகூட இல்லை, வேகமாக நடந்தாலே போதும், பனி எழுந்து போய்விடும். பெள்ளி நன்றி என்று எதுவும் சொன்னதில்லை. அவர் யாரிடமும் எதுவும் அதிகம் சொல்கிறவர் இல்லை.

இப்படி ஊருக்கெல்லாம் காற்றாக இருந்தவளுக்கு, தனக்கென்று ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. எங்கள் மலை ரோட்டில் வருடா வருடம் தை மாதம் கீழ்நாட்டு கிளப் ஒன்று மாரத்தான் நடத்தும். கிழக்கு விளிம்பில் மலை முடிகிற காட்சிமுனையில் தொடங்கி, ஊர் வழியாக அணைக்கட்டு வரை போய், மறுபடி ஊர் வழியாகக் காட்சிமுனைக்கே திரும்பி வர வேண்டும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சொச்சம். அதை நாலு மணி நேரத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பரிசு வாங்கவோ யாரையும் முந்தவோ இல்லை. பரிசு வாங்குகிறவர்கள் அவள் முக்கால் வழியில் இருக்கும்போதே குளித்துச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பார்கள். அவள் முந்த நினைத்தது போன வருடத்து ஞானப்பூவை. போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று என்று இருக்கிறவளுக்கு, ஒவ்வொரு வருடமும் அந்த நாலு மணி சில நிமிடங்களால் கைநழுவிப் போய்க்கொண்டே இருந்தது.

அந்த நிமிடங்கள் அவளை உட்கார விடவில்லை. மாவு பிசையும்போது குதிகால் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும், மாதா கோயிலில் பிரசங்கம் நீண்டால் முழங்கால் ஆடி முன் பெஞ்சு முழுக்க ஆடும், தூக்கத்தில் அவள் காலை அசைத்தால் பேக்கரி அடுப்பில் நெருப்பு தானாக எழும்பி வர்க்கி பிஸ்கட் ஒரு தட்டு கருகும். கருகின வர்க்கியை அருளப்பன் பாதி விலைக்குப் போட்டார். எங்களுக்கு அந்தக் கருகல் ருசியே பிடித்துப்போய், நல்ல வர்க்கியைக் கொடுத்தால் ஏதோ குறைகிற மாதிரி பார்ப்போம்.

அந்த வருடம் ஐப்பசியில் அவளுடைய வலது முழங்கால் வீங்கிக்கொண்டது. குன்னூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே தேய்ந்துபோய்விட்டது, இந்தத் தையில் வேண்டுமானால் ஓடிக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் நடக்க மட்டும்தான் கால் என்று சொல்லிவிட்டார். அவள் திரும்பி வந்த பஸ்ஸின் கண்டக்டர் அப்புறம் சொன்னார். அவள் உட்கார்ந்திருந்த சீட்டுப் பக்கத்துக் கண்ணாடி வழி முழுக்க தடதடவென்று அடித்துக்கொண்டு வந்ததாம்.

சேதி தெரிந்ததும் ஊர், அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் கொட்டகையில் கூடியது. இத்தனை வருடம் அவள் காற்றில் துணி காயப்போட்டோம், இலை வாட்டினோம், பனி விரட்டினோம், அவளுக்கு நாம் ஒன்றும் செய்யவில்லையே என்று ஆளாளுக்கு வருத்தப்பட்டோம். எதிர்க்காற்று இல்லையென்றால் நாலு மணி என்ன, மூன்றரையிலேயே வந்துவிடுவாள் என்று ஃபேக்டரி மேஸ்திரி கணக்குப் போட்டுச் சொன்னார். ஆக, போட்டியன்று ஒருநாள் மட்டும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஒரு வீட்டில் வைத்தால் கூரை போய்விடும், அதனால் வீட்டுக்கு ஒரு பங்கு. முந்தின நாள் மத்தியானம் அவள் தெருத்தெருவாக ஓடி வருவாள், ஒவ்வொரு வீட்டுக்காரரும் கதவைத் திறந்து தன் பங்கை உள்ளே விட்டுச் சாத்திக்கொள்ள வேண்டும். போட்டி முடிந்த பிறகு அவள் மெதுவாக நடந்து வருவாள், வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எல்லோரும் எழுந்து துண்டை உதறியபோதுதான் பெள்ளி வாயைத் திறந்தார்.

"புடிச்சு வெக்கறது சரி. விடறப்போ மொத்தமா விட்றாதீங்க. அத்தனையும் ஒண்ணாச் சேந்து ஓடுச்சுன்னா அதுக்கு நிக்கத் தெரியாது, மலையை வுட்டே போயிடும்."

யார் அப்படி விடப்போகிறார்கள் என்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினோம்.

காற்றைப் பிடிப்பது நாங்கள் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அவள் ஒவ்வொரு வாசலாகக் கடந்து போகப் போக, திறந்த கதவுக்குள் அது ஆட்டுக்குட்டி மாதிரி நுழைந்தது. சிலர் நெல் வைக்கும் டிரம்மில் அடைத்தார்கள், சிலர் பீரோவில் அடைத்துவிட்டுப் பட்டுச்சேலையெல்லாம் உள்ளே அடித்துக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டு முழித்துக்கொண்டிருந்தார்கள். கவுன்சிலர் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார், அந்தக் கார் நின்ற இடத்திலேயே குலுங்கிக்கொண்டிருந்தது. புதிதாகக் கல்யாணமான தபால்காரர் இருப்பது ஒரே அறை என்பதால் தன் பங்கோடேயே படுக்க வேண்டி வந்தது. அருளப்பன் அடுப்பை அணைத்து, சாம்பலை வாரி, தன் பங்கை அதற்குள் விட்டு இரும்புக் கதவைத் தாழிட்டார். அந்தப் பேக்கரி வைத்த நாளிலிருந்து அடுப்பு ஆறினது அன்றைக்குத்தான். கடைசி வீடும் சாத்தியபோது ஊரில் ஓர் இலை ஆடவில்லை. புகை போக்கியிலிருந்து எழுந்த புகைகூட எங்கே போவது என்று தெரியாமல் கூரை மேலேயே நின்றது.

போட்டியன்று விடிந்தபோது குளிர் மட்டும்தான் இருந்தது. பெள்ளி விடியலிலேயே பள்ளத்தில் ஓலையும் சாக்கும் போட்டுச் செடிகளை மூடி, கந்தல் எரித்துப் புகைபோட்டு, அந்த ஒரு நாளைச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து தன் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். காட்சிமுனையில் கீழ்நாட்டு ஓட்டக்காரர்கள் கையை உரசிக்கொண்டு, போன வருடம் என்ன காற்று, இந்த வருடம் அருமையான நாள் என்று பேசிக்கொண்டார்கள். விசில் ஊதினார்கள். ஞானப்பூ முதல் அடி எடுத்து வைத்தாள், இரண்டாவது அடி வைத்தாள், மூன்றாவது அடியில் முகம் குப்புற விழுந்தாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். எதிர்க்காற்றில் நெஞ்சைச் சாய்த்துச் சாய்த்தே ஓடிப் பழகின உடம்பு அது. சாய்ந்துகொள்ள முன்னால் ஒன்றும் இல்லையென்றால் அது எங்கே போய் நிற்கும்? எழுந்தாள், நிமிர்ந்து ஓடிப்பார்த்தாள், நிமிர்ந்தால் கால் வரவில்லை, சாய்ந்தாள், விழுந்தாள். உள்ளங்கை உரிந்தது, நல்ல முழங்காலும் கெட்ட முழங்காலும் ஒன்றுபோல் ரத்தம் கசிந்தன. இந்தக் கூத்தை எங்களில் யாராவது ஒருவர் பார்த்திருந்தால் போதும், ஓடிவந்து சொல்லியிருப்போம். ஆனால் நாங்கள் அத்தனை பேரும் அவளுக்காக வீட்டுக்குள் கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நின்றிருந்தோம். வழக்கமாக வாசலுக்கு வாசல் கைதட்டும் தெருக்கள் வழியாக, சாத்திய கதவுகளையும் ஜன்னல்களையும் தாண்டி, அவள் விழுந்தும் எழுந்தும் தனியாகப் போனாள். அவள் காலடிச் சத்தம் வெளியே கேட்டது. எவ்வளவு லேசாக ஓடுகிறாள் பார் என்று உள்ளே இருந்து சந்தோஷப்பட்டுக்கொண்டோம்.

அணைக்கட்டில் திரும்பும்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது, இந்த வருடமும் இல்லை என்று. இந்த வருடம் இல்லையென்றால் இனி எந்த வருடமும் இல்லை. அங்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், அந்த அம்மா பச்சைத் தண்ணீரை வாங்கி முழங்காலில் ஊற்றிக்கொண்டே அணைக்கு அந்தப் பக்கம், மரங்களைப் பார்த்து, யாரையோ வரச்சொல்லிக் கெட்ட வார்த்தையில் திட்டியதாகப் பிற்பாடு சொன்னார்கள். இத்தனை வருடம் சனியன் சனியன் என்று திட்டின காற்றை அவள் அன்றைக்குத் தேடினாள். அப்படித் தேடிக்கொண்டே, விழுகிற நேரத்துக்குள் அடுத்த காலை முன்னால் போட்டுவிட்டால் விழாமல் தப்பிக்கலாம் என்பதையும் கண்டுபிடித்துக்கொண்டே, மறுபடி ஊருக்குள் வந்து பேக்கரிக் கதவை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

அருளப்பன் கதவைத் திறந்து, அவள் நின்ற கோலத்தைப் பார்த்துத் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"அடுப்பைத் திறங்க," என்றாள் ஞானப்பூ. நின்ற இடத்திலேயே அவள் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"மூஞ்சிக்கு நேரா அடிக்குமே பூவு. இன்னும் அஞ்சு கிலோமீட்டர் கெடக்கு."

"அடிக்கட்டும். எனக்குச் சாயறதுக்கு ஒண்ணு வேணும்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அருளப்பன் எங்கள் ஊரிலேயே நிதானமான ஆள், பஸ் கிளம்பிவிட்டால்கூட ஓடமாட்டார், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். அவர் அன்றைக்கு அடுப்புத் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டு, வர்க்கித் தட்டு ஒன்றையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, தட்டை அடித்துக்கொண்டே தெருவில் ஓடினார்; திற, திற, எல்லாரும் திற என்று அவர் கத்திய குரலை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. மெதுவாக விட வேண்டும், வீடு வீடாக விட வேண்டும் என்று முடிவெடுத்திருந்ததெல்லாம் அந்தக் குரலில் மறந்துபோனது. டிரம்மும் பீரோவும் கார் கதவும் தபால்காரர் வீட்டு ஒற்றை அறையும் ஒரே சமயத்தில் திறந்தன. பெள்ளியும் திறந்தார். அவர் மறந்துபோய்த் திறக்கவில்லை. தட்டுச் சத்தம் அவர் வாசலுக்கு வந்தபோது அவர் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றதை அவர் மனைவி பார்த்திருக்கிறாள்.

அத்தனை காற்றும் தெருவில் ஒன்றாகச் சேர்ந்தது. சேர்ந்ததும் அதற்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்யப் புறப்பட்டது, அவள் முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும் என்று. ஆனால் அவள் ஏற்கெனவே ஊரைத் தாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். எனவே வாழ்நாளில் முதல்முறையாக அது அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. முந்துவதற்காக அவளைத் தள்ளியது, தள்ளத் தள்ள அவள் வேகமானாள், அவள் வேகமாக ஆக ஆக அதற்கு முந்த வழியில்லாமல் போனது. அவள் விழுந்துகொண்டே ஓடினாள், விழுந்து முடிக்க நேரமில்லாமல் ஓடினாள். காலையில் அவளைத் தாண்டிப்போன கீழ்நாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தொப்பி பறக்க ஒதுங்கி வழிவிட்டார்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டின் வாசமும், கொடியில் கிடந்த துணியும், காலண்டர் தாள்களும் கோழி இறகுகளும் அந்தக் காற்றில் இருந்தன. அவள் சிரித்தாளாம். ஓடும்போது அவள் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

கடைசி வளைவில் ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஏறினால் காட்சிமுனை, அங்கே கோடும் கடிகாரமும்; அதற்கு அப்பால் ஒரு கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ஒன்றும் கிடையாது, நேரே கீழ்நாடு. வலது பக்கம் இறங்கினால் பெள்ளியின் பள்ளம். இந்த வேகத்தில் வருகிற காற்றை இடது பக்கம் கூட்டிக்கொண்டு போனால் அது வேலியில் நிற்காது, மலையை விட்டே போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். கொட்டகையில் பெள்ளி சொன்னபோது அவளும் அங்கே இருந்தாள். வலது பக்கம் திரும்பிப் பள்ளத்தைச் சுற்றி ஓடி அதை அடக்கிவிட்டால் ஊருக்குக் காற்று மிஞ்சும், அவளுக்கு நாலு மணி மிஞ்சாது. யோசிக்க நேரம் இல்லாததால் திரும்பிவிட்டாள் என்று அவளுக்காகச் சிலர் பொய் சொல்வார்கள். நேரம் இருந்தது. அந்த வளைவு நீளமான வளைவு. அவள் பள்ளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு இடது பக்கம் ஏறினாள்.

கோட்டைத் தாண்டியபோது கடிகாரத்தில் நாலு மணி நேரம் ஆகவில்லை. எத்தனை விநாடி பாக்கி இருந்தது என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை உண்டு, இருந்தது என்பதில் சண்டை இல்லை. அவள் அப்படியே உட்கார்ந்தாள். காற்று அவள் தலைமுடியைக் கலைத்துக்கொண்டு அவளுக்கு மேலாகப் போய், வேலியைத் தாண்டி, அந்தரத்தில் ஒரு கணம் தயங்கித் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்ததாம். பிறகு துணிகளோடும் காலண்டர்களோடும் கீழே இறங்கிப் போய்விட்டது. கவுன்சிலரின் வேட்டி ஒன்று மேட்டுப்பாளையத்துப் பாக்குத்தோப்பில் கிடைத்தது, காற்று கிடைக்கவில்லை.

மறுநாள் விடியலில் அருளப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் பள்ளத்தைச் சுற்றி நொண்டி நடந்து பார்த்தாள். ஓர் இலை அசையவில்லை. வேகமாக நடந்து பார்த்தாள், கோபத்தோடு நடந்து பார்த்தாள், காலை உதைத்துப் பார்த்தாள். அவள் மூச்சுகூட வாய்க்கு முன்னாலேயே வெள்ளையாக நின்றது. ஓலையையும் சாக்கையும் மீறி அன்றைக்கு விழுந்த பனி பள்ளம் முழுக்க உட்கார்ந்திருந்தது. வெயில் ஏறியதும் பெள்ளியின் செடிகள் விளிம்பிலிருந்து ஆரம்பித்துக் கறுத்துக்கொண்டே வந்தன.

சண்டை வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஊரே பன் வாங்கும் சாக்கில் பேக்கரியில் நின்றது. ஞானப்பூ கட்டுப்போட்ட காலை டால்டா டின்மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கால் அப்போதும் தரையில் தட்டிக்கொண்டேதான் இருந்தது. பெள்ளி வந்தார். மஃப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் பேசுவதற்கு முன்னால் அவளே பேசினாள்.

"தெரிஞ்சுதான் அந்தப் பக்கம் ஏறினேன் அண்ணா. மறுபடி ஓடினாலும் அப்படித்தான் ஏறுவேன். பொய் சொல்ல வரலை."

பெள்ளி பெஞ்சில் உட்கார்ந்தார். கருகிய கொழுந்து ஒன்று அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்தது, அதை எடுத்துப் பார்த்தார், கீழே போட்டார். யாரும் பன்னைக் கடிக்கவில்லை. அவர் அவளுடைய கட்டுப்போட்ட காலைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக் காத்து உன் முதுகுல பட்டுச்சா அம்மிணி?"

டாக்டர் சொன்னபோது அழாதவள், குப்புற விழுந்தபோது அழாதவள், கோட்டைத் தாண்டியும் அழாதவள், அப்போது அழுதாள். முகத்தை மறைத்துக்கொள்ளவும் இல்லை.

"பட்டுச்சுண்ணா. பூண்டு வாசம் வந்துச்சு. கடைசி மேட்டுல அதுதான் கையை வெச்சுத் தள்ளுச்சு."

பெள்ளி தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் கேட்டார். எங்களுக்குச் சண்டை பார்க்க வந்தது மறந்துபோனது. கையில் பன்னோடு, எங்கள் வீட்டுக் காற்று என்ன வாசம் அடித்தது, அது எந்த இடத்தில் வந்து தள்ளியது என்று கேட்பதற்காக, அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வரிசையில் நின்றோம்.